வாய்ச்சொல் வாடகையும் வீட்டுக்காரர் கோபமும்

முல்லைத்தீவு நகரிலோ முள்ளியவளையிலோ புதுக்குடியிருப்பிலோ ஒரு வீட்டை மாத வாடகைக்கு எடுப்பதிற் பெரிய சிரமம் எதுவும் இல்லை. அரச உத்தியோகம் பார்க்கும் ஒருவர், தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு படலையடியில் வந்து நின்றாற் போதும். எந்த ஊர், யாருடைய பிள்ளை, எத்தனை பேர் இருப்பீர்கள் என்னும் மூன்று கேள்விகளுக்கு விடை கிடைத்தவுடன் முற்பணம் கைமாறும், திறப்புக் கைமாறும், தேநீர் வரும். கடதாசி மட்டும் வராது. சிரமங்கள் யாவும் அந்த வீட்டை விட்டுப் போகும் நாளுக்கென்று எடுத்து வைக்கப்படுகின்றன.

அந்த நாளைப் பற்றியதே இக்கட்டுரை. வீடு என்ற சொல்லைக் கேட்டவுடன் எம்மவர் எழுத்து இழந்த வீட்டையும் இடிந்த வீட்டையும் நினைந்து உருகும், அது இயல்பே. ஆனாற் பிறர் வீட்டில் மாதக் கணக்கில் வாழ்ந்து, சொல்லிக்கொண்டு வெளியேற முயன்று, அதனால் வசையும் பகையும் தேடிக்கொண்டவர்களும் எம் மண்ணில் இருக்கிறார்கள். இது ஓர் ஆண்டிதழில் இடம்பெறத்தக்க பொருளா என்று மூத்தோர் சிலர் முகஞ்சுளிக்கலாம். அவர்களுள்ளும் வாடகை வீட்டில் இருப்போர் உளர் என்பதை நினைவூட்டிவிட்டு மேலே செல்கிறேன்.

எனது வாதத்தை முதலிலேயே கூறிவிடுகிறேன். மாத வாடகைக்கு இருக்கும் ஒருவர் "நான் போகிறேன்" என்று சொல்வதை எமது சமூகம் நன்றிகெட்ட செயலாகக் கொள்கிறது. வீட்டுக்காரரின் கோபத்தைப் பாசத்தின் மறுபக்கம் என்று விளக்கவும் செய்கிறது. இவ்விளக்கம் பொய்யானது. அக்கோபத்தின் அடியிற் கிடப்பது பெரும்பாலும் திருப்பிக் கொடுக்க முடியாத ஒரு கடன். அக்கடனுக்கு 'நம்பிக்கை' என்று பெயர் சூட்டி, எழுத்திற் கொள்ளாமல் மறைத்து வைத்திருப்பதே எல்லாத் தரப்பினரதும் துன்பத்துக்குக் காரணமாகிறது.

இதை நூல்களிலிருந்து நான் கற்கவில்லை. எங்கள் வீட்டு விறாந்தையிற் கற்றேன். 2009 ஆம் ஆண்டின் பின் மீளக்குடியமர்ந்து, உதவித் திட்டமொன்றின் பணத்தோடு அம்மாவின் நகைகளும் சேர்ந்து எழுந்த வீடு எங்களுடையது. அதன் முன்பக்கத்து இரண்டு அறைகளையும் 2020 ஆம் ஆண்டின் தொடக்கத்தில், யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்த ஆசிரியர் ஒருவருக்கு மாதம் 8,000 ரூபாவுக்கு அம்மா கொடுத்தார். முற்பணம் மூன்று மாத வாடகை, அதாவது 24,000 ரூபா. மூன்று ஆண்டுகளுக்கு மேல் அவர் இருந்தார். எங்கள் வீட்டில் மீன் காய்ச்சினால் ஒரு கோப்பை முன்பக்கத்துக்குப் போகும். என் தம்பிக்குக் கணிதம் சொல்லிக்கொடுத்ததற்கு அவர் காசு வாங்கியதில்லை.

2023 இல் ஒரு மாதத்தின் 12 ஆந் திகதி மாலையில் அவர் விறாந்தைக்கு வந்து கதிரையில் இருக்காமல் நின்றபடியே, "அம்மா, எனக்கு மாற்றம் வந்திட்டுது. இந்த மாத முடிவோடை போகப்போறன்" என்றார். அம்மா சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "வாடகைக்கு இருக்கிற ஆள் மாதிரியோ மாஸ்ரர் உங்களை நாங்கள் பாத்தனாங்கள்?" என்று கேட்டார். அதன்பின் அம்மாதம் முடியும் வரை முன்பக்கத்துக்கு மீன் போகவில்லை. காலையில் ஆறு மணிக்குப் போடப்படும் தண்ணீர் மோட்டர் எட்டு மணிக்குப் போடப்பட்டது. எட்டு மணிக்கு ஓர் ஆசிரியருக்குத் தண்ணீரால் என்ன பயன்? அவர் சாமான்களை ஏற்றிய சனிக்கிழமை அம்மா வற்றாப்பளை அம்மன் கோயிலுக்குப் போய்விட்டார். திறப்பை அயல்வீட்டில் ஒப்படைத்துவிட்டு அவர் போனார். முற்பணத்தைப் பற்றி அவரும் கேட்கவில்லை, அம்மாவும் பேசவில்லை.

நான் அப்போது விடுமுறையில் வீட்டில் நின்றேன். முழுக்க முழுக்க ஆசிரியரின் பக்கம் நின்று அம்மாவோடு சண்டையிட்டேன். "மாற்றம் வந்தால் மனிதர் போகத்தானே வேண்டும்" என்றேன். "2022 இலை எல்லாம் விலையேறினபோது நான் ஒரு ரூபா கூட்டினனானோ?" என்று அம்மா திருப்பிக் கேட்டார். அதுவும் உண்மைதான். அவ்வாண்டு செப்டெம்பரிற் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண் கணிக்கும் பணவீக்கம் ஏறத்தாழ 70 சதவீதத்தைத் தொட்டது. 8,000 ரூபா என்ற வாடகை அசையாமல் நின்றது. ஆனால் அதே பணவீக்கம் ஆசிரியரின் 24,000 ரூபாவையும் கரைத்துவிட்டது என்பதை இருவரும் எண்ணிப் பார்க்கவில்லை. ஒருவர் செய்த உதவியும் மற்றவர் அடைந்த நட்டமும் எங்கும் பதியப்படாமற் காற்றிலே நின்றன.

சில கிழமைகளின் பின்னரே, அதுவும் தற்செயலாக, அந்த 24,000 ரூபா எங்கே போயிற்று என்று அறிந்தேன். அது எங்கள் கிணற்றில் இறங்கிவிட்டது. எட்டு மணிக்குப் போடப்பட்டதே, அந்த மோட்டர்தான் ஆசிரியரின் முற்பணம்.

இவ்வொரு செய்தி தெரிந்தபின் அம்மாவின் கோபம் எனக்கு வேறுவிதமாகத் தெரிந்தது. கடன்காரர் வாசலில் வந்து நின்று, கோபிக்காமல், அன்பாகவே கடனைக் கேட்டுவிட்டார். கொடுக்கக் கையிற் காசில்லை. வெட்கத்தைக் காட்டுவதிலும் கோபத்தைக் காட்டுவது எவருக்கும் எளிது. வன்னியில் இது எங்கள் வீட்டுக்கு மட்டும் உரியதென்று நான் நம்பவில்லை. நுண்கடன் நிறுவனத்தார் கிழமைக்குக் கிழமை படலையில் வந்து நிற்கும் மாவட்டம் இது. பெண்கள் பெற்ற சிறுகடன்களுக்கு நிவாரணம் அளிக்கும் திட்டமொன்றை அரசே 2018 இல் அறிவிக்க நேர்ந்தது. அத்தகைய ஊரில் வட்டியில்லாமற் கைக்கு வரும் மூன்று மாத முற்பணம் பெட்டியில் தூங்குமா? கூரையாகும், மோட்டராகும், மகளின் பல்கலைக்கழகச் செலவாகும். (என் முதல் வருடப் புத்தகங்களுள் ஆசிரியரின் பணத்தில் வாங்கியவை எவை என்று நான் கேட்கவில்லை, கேட்கத் துணிவில்லை.) அடுத்த வாடகைக்காரர் வந்து முற்பணம் தரும் வரை முந்தியவருக்குத் திருப்பிக் கொடுக்க வழியில்லை. ஆகவே போவதற்கு முன் ஒருவர் தரும் அவகாசம் வெறும் மரியாதை அன்று. கடனைத் தீர்ப்பதற்கான தவணையும் அதுவே.

இந்த இடத்தில் "நம்பிக்கை" வாதத்தினர் குறுக்கிடுவர். "எங்கள் சனம் முகத்தைப் பார்த்து வீடு கொடுத்த சனம், அறிவித்தல், ஒப்பந்தம், பற்றுச்சீட்டு என்பனவெல்லாம் வெள்ளைக்காரன் கொண்டுவந்த அவநம்பிக்கை" என்பது அவர்களது கூற்று. விரிவுரை மண்டபத்திலும் இதை நான் கேட்டிருக்கிறேன். கேட்பதற்கு இனிமையான இக்கூற்று வரலாற்றுக்கு ஒவ்வாதது.

1706 ஆம் ஆண்டு யாழ்ப்பாணத்தில் ஒல்லாந்தத் திசாவையாக இருந்த கிளாஸ் ஐசாக்ஸ் எம்மவரின் வழமைகளைத் தொகுத்தார். முதலியார் பன்னிருவரின் பார்வைக்குப் பின் அது ஏற்கப்பட்டது. ஆங்கிலேயர் 1806 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரமாணத்தால் அதனை உறுதிசெய்தனர். அந்தத் தேசவழமையில் ஒற்றி பற்றிய பகுதியை ஒருமுறை படித்துப் பார்க்குமாறு நண்பர்களைக் கேட்டுக்கொள்கிறேன். ஒற்றி என்பது காணியின் பயனை அனுபவிக்கக் கொடுத்துப் பணம் பெறுவது. காணிக்காரர் பணத்தைத் திருப்பிக் கொடுத்துக் காணியை மீட்க விரும்பினால் நினைத்த நாளில் மீட்க முடியாது. தம் எண்ணத்தை ஒற்றி பிடித்தவருக்கு அறிவித்தல் வேண்டும். நிலத்தின் வகைக்கும் அதில் விளைவதற்கும் ஏற்ற பருவத்தை நோக்குதல் வேண்டும். உழைத்தவர் விளைவை இழக்கலாகாது என்பதே இதன் உட்கிடை. ஆகவே, உறவை முடிப்பதற்கு முன் அறிவிக்க வேண்டும், அறிவித்தலுக்கு ஒரு காலம் வேண்டும், அக்காலம் மற்றவரின் நட்டத்தை அளந்து வகுக்கப்பட வேண்டும் என்ற மூன்றும் எமது வழமையினுள்ளேயே இருந்தன. எழுதியவன் ஒல்லாந்தனாக இருக்கலாம். எழுதப்பட்டது எங்கள் வாழ்வு. மாத வாடகைக்கு முற்பணம் வாங்கும் பழக்கம் ஒற்றியின் ஒன்றுவிட்ட தம்பி போன்றது. அண்ணனுக்கு இருந்த ஒழுங்கு தம்பிக்கு இல்லாமற் போயிற்று.

ஏன் இல்லாமற் போயிற்று? இங்கேதான் வெள்ளைக்காரன் வருகிறான். ஆனால் எம் நண்பர்கள் காட்டும் திசையிலிருந்து வரவில்லை. 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம், காணி சம்பந்தமான உடன்பாடுகள் நொத்தாரிசின் முன்னும் இரு சாட்சிகளின் முன்னும் எழுதிக் கையெழுத்திடப்பட்டாலன்றிச் செல்லாது என்று விதித்தது. அதற்கு ஒரு விலக்கும் வைத்தது: ஒரு மாதத்துக்கு மேற்படாத குத்தகைக்கு எழுத்துத் தேவையில்லை. நொத்தாரிசுச் செலவுக்கு அஞ்சிய மக்கள் எல்லாரும் அந்த ஒரு மாத வாசலால் நுழைந்தனர். எட்டு வருடம் ஒரு வீட்டில் வாழ்ந்தவரும் சட்டத்தின் கண்ணில் மாதத்துக்கு மாதம் நீளும் குடியிருப்பாளரே. எனவே நாம் பாட்டன் காலத்துப் பண்பாடு என்று போற்றும் வாய்ச்சொல் வாடகை, உண்மையில் ஓர் ஆங்கிலேயச் சட்டத்தின் விலக்குவிதிக்குள் வளர்ந்து பெருகிய பழக்கமாகும்.

அந்த மாதக் குடியிருப்பை முடிப்பதற்கும் விதி உண்டு. எமது நாட்டிற் பின்பற்றப்படும் உரோம ஒல்லாந்தச் சட்டத்தின்படி முழுதாக ஒரு மாத அறிவித்தல் தரவேண்டும். அது குடியிருப்பு மாதத்தின் முடிவோடு முடிதல் வேண்டும். முதலாந் திகதி தொடங்கும் மாதமாயின் 12 ஆந் திகதி கொடுத்த அறிவித்தல் அம்மாதத்தோடு முடியாது. அடுத்த மாத இறுதியிலேயே முடியும். இதை வாசித்த அன்று எனக்குச் சங்கடமாகவே இருந்தது. அம்மாவின் கோபத்திற் பாதி சட்டபூர்வமானது! ஆசிரியர் நல்லவர், ஆயினும் அவர் ஒரு மாத வாடகைக்குக் கடமைப்பட்டிருந்தார். அம்மா அதற்கு மேலும் இரண்டு மாத வாடகையைப் பேச்சின்றி வைத்துக்கொண்டார். இருவருக்கும் விதி தெரியாது. தெரிந்திருந்தால் மோட்டர் ஆறு மணிக்கே போடப்பட்டிருக்கும்.

நாட்டின் வாடகைச் சட்டங்கள் உதவாதா என்று கேட்கலாம். அவை வேறொரு நோய்க்கு மருந்து. 1915 இல் ஸ்கொத்லாந்தின் கிளாஸ்கோ நகரப் பெண்கள் வாடகை கொடுக்க மறுத்துத் தெருவில் இறங்கியதன் பயனாகப் பிரித்தானியாவில் வாடகைக் கட்டுப்பாடு பிறந்தது. இலங்கையில் யுத்த காலத்தில் 1942 ஆம் ஆண்டின் 60 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமும், 1948 ஆம் ஆண்டின் 29 ஆம் இலக்கச் சட்டமும், ஈற்றில் 1972 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க வாடகைச் சட்டமும் வந்தன. 1973 இல் ஒருவர் எத்தனை வீடுகளை வைத்திருக்கலாம் என்பதற்கே உச்சவரம்பு விதிக்கப்பட்டது. இவையெல்லாம் பெரும்பாலும் நகரத்தை, சிறப்பாகக் கொழும்பை, மனத்திற்கொண்டு எழுந்தவை. வாடகைக்காரரைத் துரத்தும் வீட்டுக்காரரைத் தடுப்பதே அவற்றின் நோக்கம். 1980, 2002 ஆம் ஆண்டுத் திருத்தங்கள் அப்பிடியையும் தளர்த்திவிட்டன. வாடகைக்காரர் தாமாகவே போக விரும்புவதும் அதனால் வீட்டுக்காரர் மனமுடைவதும் ஒரு பிரச்சினையாகும் என்று அச்சட்டங்களை இயற்றியவர்கள் பெரிதாக எண்ணியிருக்க மாட்டார்கள்.

முல்லைத்தீவில் அதுவே பிரச்சினை. இங்கு வாடகைக்கு வருவோர் பெரும்பாலும் ஆசிரியர், தாதியர், வங்கி ஊழியர், திணைக்கள உத்தியோகத்தர். மாதச் சம்பளம் உள்ளவர்கள். வெள்ளிக்கிழமை மாலை யாழ்ப்பாணத்துக்கோ வவுனியாவுக்கோ பஸ் ஏறுபவர்கள். மாற்றம் வரும் நாளை எண்ணிக்கொண்டிருப்பவர்கள். வீட்டுக்காரரோ பல இடங்களிற் கணவனை இழந்த பெண். அல்லது கடலுக்குப் போகும், கூலிக்குப் போகும் குடும்பத்தவர். 2004 டிசம்பரிற் கடலும் 2009 இல் யுத்தமும் இருந்ததையெல்லாம் கொண்டுபோன பின், தலைக்கு மேலே நின்ற முதற் சீமெந்துக் கூரையின் பாதியை வாடகைக்கு விட்டவர்கள். ஆகவே வீட்டுக்காரர் என்றவுடன் நிலப்பிரபுத்துவம், சுரண்டும் வர்க்கம் என்று எம் நண்பர்கள் சிலர் எடுத்த எடுப்பிற் பேசுவது வெறும் சோம்பலாகும். இங்கே சுரண்டப்படுபவர் யார் என்பதை வீட்டுக்கு வீடு போய்ப் பார்த்தே சொல்ல வேண்டும். பல வீடுகளில் வாடகைக்காரரே வசதியானவர். அவர் போனால் அவருக்கு இன்னொரு வீடு கிடைக்கும். அவளுக்கு இன்னொரு வாடகைக்காரர் எப்போது கிடைப்பார் என்பது வலயக் கல்விப் பணிமனையின் மாற்றப் பட்டியலில் இருக்கிறது.

அப்படியாயின் ஏழையான வீட்டுக்காரி தன் பாதுகாப்புக்காகவேனும் எழுத்தை நாடலாமே என்று தோன்றும். அவள் நாட மாட்டாள். அதற்குக் காரணமும் உண்டு. அதை எழுத்தறிவின்மை என்று சொல்லிக் கடந்துவிட முடியாது. வன்னியின் காணிகளிற் பெரும்பகுதி அரச காணி. முத்தையன்கட்டு, வவுனிக்குளம் முதலிய குடியேற்றத் திட்டங்களிலும் அவற்றுக்கு வெளியேயும் மக்கள் வைத்திருப்பது உறுதி அன்று. 1935 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வழங்கப்பட்ட அனுமதிப்பத்திரம். ஊர்வழக்கிற் பெர்மிற். அதை வைத்திருப்பவர் அதிகாரியின் ஒப்புதலின்றிக் காணியைக் கைமாற்றவோ குத்தகைக்குக் கொடுக்கவோ முடியாது. நிபந்தனையை மீறினாற் பத்திரமே இரத்தாகலாம். இந்த நிலையில் "வாடகையாகப் பெற்றுக்கொண்டேன்" என்று எழுதிக் கையெழுத்திட்ட துண்டை ஒரு தாய் எவரிடம் கொடுப்பாள்? அது நாளை பிரதேச செயலகத்தின் மேசையில் இருக்கக்கூடும் என்ற அச்சம் அவளுக்கு உண்டு. எங்கள் காணியும் பெர்மிற் காணிதான். அம்மா மூன்று வருடமும் ஒரு பற்றுச்சீட்டுக்கூட எழுதாததற்கு அதுவே காரணம் என்று பின்னர்ச் சொன்னார். பாசம், நம்பிக்கை, முகத்தைப் பார்த்துக் கொடுத்தல் எல்லாம் வெளியே சொல்லும் காரணங்கள். உள்ளே இருப்பது பயம். அரை நூற்றாண்டு உழுது வாழ்ந்தவர்களையும் இன்னும் அனுமதி பெற்ற விருந்தாளிகளாக வைத்திருக்கும் அரசு, அயலாருக்கிடையே ஒரு நேர்மையான துண்டுக் கடதாசிகூட எழுதப்படாமற் செய்துவிட்டது. இச்சீர்கேட்டுக்கு நாம் பண்பாட்டு முலாம் பூசிக்கொண்டிருக்கிறோம்.

கடதாசியின் மதிப்பை அறியாத மக்களா நாம்? இடப்பெயர்வின்போது சட்டி பானையை விட்டு உறுதிப் பையைத் தூக்கியவர்கள் நாம். 2012 செப்டெம்பரில் மெனிக்பாம் முகாம் மூடப்பட்டபோது கேப்பாப்புலவு மக்கள் சொந்தக் காணிக்குப் போக விடப்படாமற் சீனியாமோட்டைக் காட்டுக்குக் கொண்டு செல்லப்பட்டனர். அவர்களது ஊரில் இராணுவம் இருந்தது. வாடகை இல்லை, முற்பணம் இல்லை, அறிவித்தல் இல்லை, போகும் நாளும் இல்லை. 2017 ஜனவரி 31 ஆந் திகதி பிலவுக்குடியிருப்பு மக்கள் படைமுகாமின் முன்னே, தெருவோரத்திற் குழந்தைகளோடு குந்தினர். இரவும் பகலும் ஒரு மாதம் இருந்த பின், மார்ச் 1 ஆந் திகதி, 84 குடும்பங்களுக்குரிய ஏறத்தாழ 42 ஏக்கர் காணி விடுவிக்கப்பட்டது. கேட்காமற் குடிவந்தவரை வெளியேற்ற அந்த மக்கள் கொடுத்த 'அறிவித்தல்' அதுவே. அதற்கு முந்திய ஆண்டு, 2016 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்க ஆட்சியுரிமைச் சிறப்பேற்பாடுகள் சட்டம், 1983 மே 1 முதல் 2009 மே 18 வரை யுத்தத்தால் தம் உரிமையை நிலைநாட்ட முடியாதிருந்தவர்களுக்கு எதிராக அக்காலம் கணக்கிடப்படலாகாது என்று ஏற்றுக்கொண்டது. காணியும் வீடும் காலமும் எழுத்தும் எப்படிப் பின்னிக் கிடக்கின்றன என்பதை எங்கள் மாவட்டத்தாருக்கு எவரும் கற்பிக்கத் தேவையில்லை. அரசிடம் எழுத்தைக் கேட்கிறோம், அயலவர் கேட்டால் மட்டும் "என்னை நம்பேல்லையோ?" என்கிறோம்.

கோபங்கொண்ட வீட்டுக்காரர் செய்யக்கூடியவை பல. முற்பணத்தைத் தர மறுப்பார், மின்சாரத்தைத் துண்டிப்பார், கட்டிலைத் தூக்க விடமாட்டார், இறுதி மாதத்துக்கு முன்பே பூட்டை மாற்றுவார். இவற்றுட் கடைசியானது பாரதூரமானது. குடியிருப்பவரை வலிந்து வெளியேற்றினால் 1979 ஆம் ஆண்டின் 44 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் ஆரம்ப நீதிமன்றம் அவரை மீண்டும் அமர்த்தலாம். இரண்டு மாதத்துக்குள் விடயம் நீதிமன்றத்தின் முன் போகவேண்டும். பணத் தகராறாயின் 1988 ஆம் ஆண்டின் 72 ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த மத்தியஸ்த சபை உண்டு. அங்கே வழக்கறிஞர் தேவையில்லை. இரு பக்கமும் அறிந்த ஊர்ப் பெரியவர்கள் இருப்பர். ஆனால் அவர்கள் முன்னும் சொல்லுக்கு எதிர்ச் சொல்லே வைக்கப்படுகிறது. எத்தனை மாதம் கட்டினீர், எவ்வளவு கொடுத்தீர், எப்போது சொன்னீர் என்பவற்றுக்கு ஒரு கொப்பியின் பக்கம் இருந்தாற் பாதி நேரத்தில் வேலை முடியும். கடல் கடந்தால், தமிழ்நாடு 2017 இல் இயற்றி 2019 இல் நடைமுறைக்குக் கொண்டுவந்த சட்டத்தில் வாடகை உடன்பாடு எழுத்தில் இருக்க வேண்டும் என்றே விதித்துவிட்டது. அங்குள்ள தமிழர் அதனாற் பாசம் குறைந்துவிட்டார்கள் என்று நான் கேள்விப்படவில்லை.

இனி எம் பக்கத்துக்கு வருகிறேன். மாணவராகிய நாம் வீட்டுக்காரரைக் குறைகூறும்போது வாய் நீளும். ஆனாற் பரீட்சை முடிந்த இரவிலேயே பெட்டியைக் கட்டிக்கொண்டு பஸ் ஏறுகிறவர்களும் நாமே. கடைசி மாத மின்கட்டணச் சீட்டு வரும்போது வேறு மாவட்டத்தில் இருக்கிறோம். "முற்பணத்திற் கழித்துக்கொள்ளுங்கோ, அன்ரி" என்று தொலைபேசியிற் சொல்லிவிட்டால் எல்லாம் தீர்ந்ததென்று நினைக்கிறோம். ஆணி அடித்த சுவரும் நெருப்புச் சுட்ட மேசையும் நாம் விட்டுவந்த நினைவுச் சின்னங்கள். இதைச் செய்துவிட்டு வீட்டுக்காரர் கோபக்காரர் என்று கட்டுரை எழுத எனக்கு நா எழவில்லை.

சென்ற ஆண்டு பல்கலைக்கழகத்துக்கு அண்மையில் இருந்த அறையை நான் விட்டபோது, கற்றதைச் செய்து பார்த்தேன். மாதம் தொடங்கு முன்பே, பகல் வேளையில், வீட்டுக்காரர் இருவரும் இருக்கும்போது போய், இருந்து, தேநீரைக் குடித்து முடித்து, அடுத்த மாத இறுதியிற் போகிறேன் என்று சொன்னேன். பிறகு ஒரு பக்கக் கடிதத்தை நீட்டினேன். முகம் மாறியது. "கோட்டுக்குப் போகப் போறீரோ, பிள்ளை?" என்று அந்த ஐயா கேட்டார். "இல்லை ஐயா, திகதி ரெண்டு பேருக்கும் மறக்காமல் இருக்கத்தான்" என்றேன். மூன்று நாள் அவர் என்னோடு பேசவில்லை. நான்காம் நாள் முற்றத்தில் வைத்து, "உம்மடை முற்பணத்திலை பாதியை இந்த மாதமும் மிச்சத்தை அடுத்த மாதமும் தந்தால் ஏலுமோ?" என்று மெல்லிய குரலிற் கேட்டார். அக்குரல் எனக்கு மிகவும் பழக்கமான குரல். ஏலும் என்றேன். அவர் அதே கடிதத்தின் அடியில் இரண்டு தொகைகளையும் எழுதிக் கையெழுத்திட்டார். மின்மானி இலக்கத்தையும் நாங்கள் சேர்ந்து வாசித்து எழுதிக்கொண்டோம். அவர் மனைவி நான் போகும்போது புட்டு அவித்துத் தந்தார்.

இவ்வளவு சிறிய காரியத்துக்கு எமது சங்கம் ஏதும் செய்ய முடியாதா? ஆண்டுதோறும் கவியரங்குக்கும் பட்டிமன்றத்துக்கும் அச்சிடும் அழைப்பிதழ்களில் ஒரு நூறு குறைந்தாற் குறையட்டும். நல்ல தமிழில் ஒரு பக்கம் அச்சிடலாம்: குடிவந்த திகதி, வாடகை, முற்பணம், ஒரு மாத அறிவித்தல், முற்பணம் திரும்பும் தவணை, மின்மானி இலக்கம், இரு கையெழுத்துகள். மாதக் குடியிருப்புக்கு நொத்தாரிசு வேண்டியதில்லை; சட்டத்தின் மொழியும் வேண்டியதில்லை. பெர்மிற் காணிக்காரரின் அச்சத்தை அத்தாள் தீர்த்துவிடாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். சொந்த வீட்டின் ஓர் அறையை வாடகைக்கு விடுவது குற்றமாகாது என்று எழுத்தில் உறுதியளிக்குமாறு காணி அதிகாரிகளிடம் கேட்பதும், காணிகளுக்கு முழு உரித்துக் கேட்பதும் வேறொரு போராட்டம். அதையும் இதே சங்கங்கள் கேட்கலாம். தமிழை வளர்ப்பது என்றால் தமிழில் மக்கள் ஒருவரோடொருவர் கணக்குத் தீர்க்க உதவுவதும் அதில் அடங்கும் என்றே நான் கருதுகிறேன்.

எங்கள் வீட்டின் முன்பக்கத்துக்கு நான்கு மாதங்களின் பின் ஒரு தாதி உத்தியோகத்தர் வந்தார். அவருக்கென்று ஓர் அப்பியாசக் கொப்பி திறக்கப்பட்டிருக்கிறது. முதற் பக்கத்தை நான் எழுதினேன்; அம்மா கையெழுத்திடுவதற்கு ஒரு கிழமை எடுத்தார். அவர் தந்த முற்பணம் வந்த அன்றே அம்மாவை இருத்தி, பழைய கணக்கை அதே கொப்பியின் கடைசிப் பக்கத்திற் போட்டேன். 24,000 இல் அறிவித்தல் குறைந்ததற்காக ஒரு மாத வாடகை 8,000 கழிய மிகுதி 16,000 ரூபா. அம்மா அதை இரண்டு முறை கூட்டிக் கழித்துப் பார்த்தார். பிறகு மாஸ்ரரின் வங்கிக் கணக்குக்கு அனுப்பச் சொன்னார். அடுத்த வைகாசியில் வற்றாப்பளைப் பொங்கலுக்கு அவர் குடும்பத்தோடு வந்து எங்கள் வீட்டிலேயே இரவு தங்கினார். காலை ஆறு மணிக்கு எழும்பி, மோட்டர் வலுவாகச் சத்தம் போடுகிறது என்று குறையும் சொன்னார்.